மெத்தைக்கடைப் பூனையின் பெயர் விவகாரம்

மெத்தைக்காரரின் பூனையைப் பிடிக்க நான்கு பேர் வந்தார்கள். ஒரு பூனைக்கு நான்கு பேரா என்று கேட்பவர்கள் அந்தப் பூனையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று பூனைக்கு ஆகும் சரக்கை ஒரே பூனையில் அடைத்துத் தைத்தது மாதிரி இருக்கும். முதுகும் வாலும் கருப்பு. வயிறும் பாதங்களும் வெள்ளை. மூக்கின்மேல் யாரோ பேனாவை உதறிவிட்டுப் போனது போல ஒரு கருப்புப் புள்ளி. சம்பவத்தன்று அது கடைவாசலில், போன வாரமே கொடுத்திருக்க வேண்டிய ஓர் இரட்டைக்கட்டில் மெத்தையின்மேல், மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இது பேரு என்ன?" என்று கேட்டார் நால்வரில் தொப்பி வைத்திருந்தவர்.

"பூனை" என்றார் மெத்தைக்காரர்.

"பூனைங்கறது எங்களுக்கும் தெரியுதுய்யா. பேரு?"

மெத்தைக்காரர் ஊசியைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு யோசித்தார். பூனைக்குப் பெயர் இல்லை. இல்லாததற்குக் காரணம் இருந்தது. பூனை வந்த அன்றே அவர் 'பஞ்சு' என்று வைக்கலாம் என்றார். அவர் மனைவி 'துரை' என்றாள். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. மூன்று வருடம் சண்டை போட்டு ஓய்ந்துபோய், கடைசியில் அதைக் கூப்பிடாமலே இருந்துவிடுவது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. பூனை எங்கே போகிறது, கூப்பிடுவதற்கு?

"பேரில்லாத பிராணியை வீட்டுல வச்சிருக்கறது குத்தம்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார் தொப்பிக்காரர். "பதினஞ்சு நாளைக்குள்ள முறைப்படி பேர் வச்சுக் கூட்டிட்டுப் போகலாம். இல்லேன்னா பதினஞ்சாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு லாரி. ஏத்தி வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்பிடுவோம்."

பிராணிகள் பெயர்ப் பதிவு இயக்ககம் எதிர்ச்சாரியில்தான் இருந்தது. கடையில் நின்று தும்மினால் அங்கே கேட்கும். இருந்தாலும் பூனையை வண்டியில் ஏற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, முக்கால் மணி நேரம் கழித்து எதிரே இறக்கினார்கள். சுற்றினால்தான் ஊழியர்களுக்குப் பயணப்படி கிடைக்கும் என்று பின்னால் தெரிந்தது.

அன்று பகல் மெத்தைக்காரருக்கு வேலை ஓடவில்லை. அவர் தைக்கும்போது பூனை அவர் காலின்மேல்தான் படுத்திருக்கும். கால் மரத்துப்போகும், திட்டுவார், ஆனால் காலை எடுக்க மாட்டார். இப்போது கால் இலேசாக இருந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை.

"என்னத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? போய் ஒரு பேரைக் குடுத்துட்டுத் தூக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. "துரைன்னு எழுதுங்க."

"பஞ்சுன்னுதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

*

இயக்ககத்தில் பொதுமக்களுக்கு ஒரே ஒரு ஜன்னல்தான் உண்டு. அதற்குப் பின்னால் ஜன்னல் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மேசைக்குக் கீழே, கோப்புகள் போடும் அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து கருப்பு வால் ஒன்று தொங்கியது.

"கூண்டுல அடைக்கலாம்னு பாத்தோம்ணே" என்றார் எழுத்தர். "கூண்டெல்லாம் சராசரிப் பூனைக்குச் செஞ்சது. இது உள்ள போகல. பாதி போச்சு, அப்புறம் வரல. கம்பியை அறுத்து எடுத்தோம். ஆனா நல்ல பூனைண்ணே. இன்னைக்குத்தான் வந்துச்சு, அதுக்குள்ள நான் பேசினதும் எந்திரிச்சு உக்காந்துச்சுன்னா பாத்துக்குங்களேன். நானும் என் டப்பாவுலேருந்து ஒரு மீன் துண்டு போட்டேன்."

மெத்தைக்காரருக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. மூன்று வருடம் சோறு போட்டவர் அவர். யாரோ ஒருவர் குரலுக்கு எழுந்து உட்கார்ந்ததாமே!

எழுத்தர் படிவத்தை எடுத்தார். "நிறம்?"

"கருப்பு வெள்ளை."

"ஒரு நிறம் எழுதத்தான் கட்டம் இருக்கு. கருப்பா, வெள்ளையா?"

"ரெண்டும்தாங்க. நீங்களே குனிஞ்சு பாருங்க."

எழுத்தர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து படிவத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குக் கொஞ்சம்கூடக் குழப்பம் இல்லை. "படிவத்துல இடமில்லைண்ணே. நிற ஆய்வாளர்தான் முடிவு சொல்லணும். நாளைக்கு வாங்க" என்று சொல்லி ஜன்னலைப் படாரென்று இறக்கினார். உள்ளே சாப்பாட்டு டப்பா திறக்கும் ஓசை கேட்டது.

நிற ஆய்வாளர் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள், கழுத்தில் அளவு நாடாவும் கக்கத்தில் ஒரு பெரிய பதிவேடுமாக அந்த அம்மாள் வந்தார். நாடாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தொழில் தெரிந்தவர் என்பதால் மெத்தைக்காரருக்கு அது கண்ணில் பட்டது, மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஆய்வாளர் பூனையை மேசைமேல் கிடத்தி, நீளவாட்டிலும் குறுக்கிலும் அளந்து, பதிவேட்டில் கூட்டிக் கழித்தார்.

"கருப்பு ரெண்டு விரக்கடை ஜாஸ்தி. கருப்புப் பூனை" என்றார்.

அந்த நேரம் பார்த்து எழுத்தர் மதியப் பங்காக ஒரு மீனைப் போட்டுவிட்டார். பூனை அதைத் தின்றது. வயிறு உப்பியது. வயிறு முழுக்க வெள்ளை. ஆய்வாளர் கடமை தவறாதவர், மறுபடி அளந்தார். முகம் வெளிறிப்போனது.

"இப்ப வெள்ளை மூணு விரக்கடை ஜாஸ்தி!"

"அதனால என்னங்கம்மா?"

"அதனால என்னவா? சாப்பிடறதுக்கு முன்னாடி இது கருப்புப் பூனை. சாப்பிட்டப்புறம் வெள்ளைப் பூனை. கருப்புக்குத் தனிப் பட்டியல், வெள்ளைக்குத் தனிப் பட்டியல். நீங்க ரெண்டு விண்ணப்பம் போட்டு ரெண்டு பேர் வாங்கணும்."

"ஒரே பூனைதாங்க அது!"

"அது உங்க அபிப்பிராயம்" என்றார் ஆய்வாளர்.

மெத்தைக்காரர் இரண்டு விண்ணப்பம் போட்டார். பசித்த பூனைக்குப் 'பஞ்சு', பசியாறிய பூனைக்குத் 'துரை'. மனைவிக்கும் தனக்கும் பொதுவாக ஒரு வழி பிறந்ததே என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். அது நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதால் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை என்று ஒரு கோப்பு திரும்பி வந்தது. துரை என்ற பிராணி அலுவலகத்துக்குள் நுழைந்தால் ஊழியர்கள் எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்தபடியே வணங்கினால் போதுமா என்பது விதிகளில் தெளிவாக இல்லை என்று மற்றது திரும்பி வந்தது.

"அப்ப 'மணி'ன்னு எழுதிக்குங்க" என்றார் மெத்தைக்காரர், விரக்தியில்.

எழுத்தர் பதறிவிட்டார். "மணியா? இருபத்திரெண்டாம் விதி தெரியாதாண்ணே உங்களுக்கு? பதிவான பேரை இந்த வளாகத்துக்குள்ள வேற எதுக்கும் யாரும் வாயில சொல்லக் கூடாது. சொன்னா எழுத்து மூலமா விளக்கம் குடுக்கணும், ஒரு மாசம் விடுப்பு கிடையாது. மணி ஆச்சான்னு கேக்காம நாங்க எப்படி வீட்டுக்குப் போறது? நாளைக்கு வாங்க."

ஜன்னல் இறங்கியது. டப்பா திறந்தது. மேசைக்குக் கீழே ஏதோ கனமாக எழுந்து உட்காரும் ஓசை.

*

பதின்மூன்றாம் நாள் அவரை இயக்குநரே உள்ளே அழைத்தார். இயக்குநர் பெரிய மனிதர். அவர் உட்கார்ந்த பிறகு மேசையைத் தள்ளிவைக்க ஓர் ஆள் தேவைப்படும். கடைசியாக மெத்தைக்காரர் எழுதிக் கொடுத்திருந்த பெயர் 'தொந்தி'.

"இது யாரை மனசுல வச்சுக்கிட்டு எழுதினது?" என்று வயிற்றை எக்கிக்கொண்டு கேட்டார்.

"பூனையைத்தான் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மெத்தைக்காரர் நன்றாக யோசித்தார். "பூனையைத்தான் சார்" என்றார்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். மூச்சை விட்டார், வயிறு பழைய இடத்துக்கு வந்தது. பிறகு, முன்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பது போலப் பேசத் தொடங்கினார்.

"பேர் வைக்கறதுன்னா உங்களுக்கு அவ்வளவு லேசாப் போச்சு. தெருவுல போறவன்கூட ஒரு நாய்க்குப் பேர் வச்சுடறான். பொறுப்பு வேண்டாமா? இந்த இயக்ககம் ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. முப்பத்தாறு ஊழியர். நாலு வண்டி. ஒன்பது வருஷத்துல நாங்க வச்ச ஒரு பேர்லயாவது தப்பு இருக்குன்னு யாராவது விரலை நீட்டிச் சொல்ல முடியுமா?"

"இதுவரைக்கும் எத்தனை பேர் வச்சிருக்கீங்க சார்?"

"வச்சாத்தானேய்யா தப்பு வரும்!" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். கண்களில் நீர் தளும்பியது. பெருமையால்தான். "ஒரு ஆமையோட கோப்பு ஏழாவது மேசை வரைக்கும் வந்திருக்கு. அவசரப்படாத பிராணி, அவசரப்படாத விண்ணப்பதாரர். வரும்போது அவருக்கு முடி கருகருன்னு இருந்துச்சு. இன்னைக்கும் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார், பாருங்க. ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார். பொதுமக்கள்னா அப்படி இருக்கணும். உங்களுக்குப் பதிமூணு நாள்லயே ஆவேசம் வருது. நாளைக்கு வாங்க."

தூரத்தில் ஜன்னலுக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு மியாவ் கேட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

*

பதினைந்தாம் நாள் காலையில் மெத்தைக்காரரின் மனைவி கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கணவனோடு கிளம்பினாள். எழுத்து என்று கண்ணில் பட்டால் பொட்டலக் காகிதத்தைக்கூட விரித்து, நீவி, கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எறிவாள். முந்தின நாள் இரவு படிவத்தின் பின்பக்கத்தைப் படித்திருந்தாள். இயக்ககத்தில் ஒருவர்கூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இயக்குநர் அறைக்குள் நுழைந்ததும் சத்தமாக வாசித்தாள். "முப்பத்தொன்றாம் விதி. பிராணி ஏற்கெனவே ஒரு பெயருக்குப் பழகியிருந்தால், மூன்று அலுவலர் முன்னிலையில் அப்பெயர் சொல்லப்பட்டு, மூன்று முறையும் பிராணி எழுந்தால் அல்லது அருகில் வந்தால், அதுவே அதன் பெயர். விண்ணப்பமோ நிற நிர்ணயமோ தேவையில்லை. ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் பதிவேட்டில் மையால் குறிக்கப்பட வேண்டும்." படித்து முடித்துப் படிவத்தை மேசைமேல் வைத்தாள். "வைங்க சார் சோதனை."

இயக்குநர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குப் புதுச் செய்தி. வேறு வழி தெரியாமல் நிற ஆய்வாளரையும் எழுத்தரையும் கூப்பிட்டார். ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்து பேனாவோடு தயாரானார். எழுத்தர் பூனையை இரு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து, மூச்சு வாங்க மேசைமேல் வைத்தார். பூனை மேசையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு தூங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு வெற்றுக் கூடை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டரை.

"பஞ்சு!" என்று கூப்பிட்டார் மெத்தைக்காரர். பூனை அசையவில்லை.

"துரை! எந்திரிடா துரை!" என்றாள் மனைவி. காது நுனிகூட ஆடவில்லை.

இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். பன்னிரண்டே முக்கால் ஆனது. வெளியே லாரியின் இயந்திரம் உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் மனைவியின் முகம் மாறியது. குரல் கம்ம, "பஞ்சு..." என்று கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. மெத்தைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "துரை... துரைக்கண்ணு, வாடா வீட்டுக்குப் போலாம்" என்றார். இரண்டு பேரும் இவ்வளவு தூரம் இறங்கி வந்தும், பூனை கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தது.

"அவ்வளவுதான்" என்று இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் சாப்பாட்டு டப்பாவை அருகே இழுத்துக்கொண்டார். "சோதனையில தேறல. எனக்குப் பசிக்குது. மேல்முறையீடு பண்றதுன்னா மனு எழுதி எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க."

பூனை எழுந்து நின்றது.

மெத்தைக்காரர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. "இன்னைக்கே லாரி போயிடுமே சார்! நாளைக்கு வந்து நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?"

"அது லாரிப் பிரிவு. நாங்க வேற பிரிவு" என்றார் இயக்குநர்.

அப்போது கதவு இலேசாகத் திறந்து ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது. "சார், என் ஆமை..."

"நாளைக்கு வாங்க!" என்றார்கள் மூன்று அலுவலர்களும் ஒரே குரலில்.

இந்தத் தடவை பூனை மேசையில் நான்கு அடி நடந்து, இயக்குநரின் டப்பாவுக்கு எதிரே குந்தி, மியாவ் என்றது. நிற ஆய்வாளர் கடமை தவறாதவர் என்று முன்பே சொன்னேன். பிராணி எழுந்தால் மையால் குறிக்க வேண்டும் என்பதால் முதல் தடவையே குறித்துவிட்டிருந்தார். இப்போது இரண்டாவதையும் குறித்தார்.

மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ரெண்டாச்சு! எல்லாரும் பாத்தீங்கல்ல? ரெண்டாச்சு! இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்க சார்."

இயக்குநருக்கும் புரிந்துவிட்டது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். எழுத்தருக்கும் ஆய்வாளருக்கும் கண்ணாலேயே கட்டளை போட்டார்; அவர்களும் மூடிக்கொண்டார்கள். கடிகாரத்தில் ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மெத்தைக்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அந்த மூன்று வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. இயக்குநர் எடுத்தார். யார், என்ன என்று கேட்காமல், ஒன்பது வருடமாகத் தொலைபேசி அடித்தால் என்ன சொல்வாரோ அதைச் சொன்னார்.

"நாளைக்கு வாங்க."

பேசியது வீட்டிலிருந்து அவருடைய சொந்த மனைவி. அது வேறு கதை. பூனை தாவி இயக்குநரின் மடியில் விழுந்தது. நாற்காலி பின்னால் சரிந்தது. ஆய்வாளர் மூன்றாவதைக் குறித்து, அடிக்கோடும் போட்டார்.

"அடிங்க அதை!" என்று தரையிலிருந்து கத்தினார் இயக்குநர்.

"மையில எழுதினதை அடிக்கணும்னா அடித்தல் குழு கூடணும் சார்."

"அது எப்ப கூடும்?"

ஆய்வாளர் வாயைத் திறந்தார். பூனை அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மணிக்குச் சான்றிதழ் தயாராகிவிட்டது. அந்த இயக்ககத்தின் முதல் சான்றிதழ். பெயர்: நாளைக்கு வாங்க. நிறம் என்ற கட்டத்தில், முப்பத்தொன்றாம் விதிப்படி, ஒரு கோடு. மெத்தைக்காரர் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். லாரி காலிக் கூடையோடு வெளியூர் போனது. அதற்கும் பயணப்படி உண்டு.

*

மறுநாள் இயக்ககத்தில் நடந்ததை எழுத்தரே கடைக்கு வந்து சொல்லி மூக்கைச் சிந்தினார். கிளிக்குப் பெயர் வைக்க ஓர் அம்மாள் ஜன்னலுக்கு வந்திருக்கிறாள். எழுத்தர் வழக்கம்போல் வாயைத் திறந்திருக்கிறார். இருபத்திரண்டாம் விதி நினைவுக்கு வந்திருக்கிறது. வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லையே! கால் மணி நேரம் திகைத்து நின்றுவிட்டு, வேறு வழி இல்லாமல் கிளிக்குப் பெயர் வைத்துவிட்டார். வாய் தவறிச் சொன்ன இரண்டு பேர் ஒரு மாத விடுப்பை இழந்தார்கள். போதாததற்குச் சத்தம் கேட்டதும் பூனை சாலையைக் கடந்துபோய் ஜன்னலில் ஏறி உட்கார்ந்து மீன் கேட்டது. அந்த வாரம் நாற்பத்தொரு பெயர்கள் பதிவாயின. ஆமைக்கும் கிடைத்தது. ஆமைக்காரர் அழுதுவிட்டார். இனி பகலில் எங்கே போய் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மெத்தைக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைக்கு வந்தவர், போனவர், முகவரி கேட்க நின்றவர் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துக் கதை சொன்னார். "வாயைத் திறந்தா அது ஒண்ணுதான் வரும் அந்த ஆபீஸ்ல. சொல்லிட்டு டப்பாவைத் திறப்பானுங்க. பதினஞ்சு நாள் அதையே கேட்டுக் கேட்டுப் பூனை பேர்னு நெனச்சுக்கிச்சு. எப்பேர்ப்பட்ட சோம்பேறிங்க!"

மனைவி நூல்கண்டைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே எழுத்தர் பேசினதும் எந்திரிச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா."

"முதல் நாளே எப்படிங்க தெரிஞ்சுது அதுக்கு?"

மெத்தைக்காரர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. இரட்டைக்கட்டில் மெத்தைக்கு முன்பணம் கொடுத்தவர். "என்னண்ணே, ஒரு மாசமாச்சு. என் மெத்தை?"

மெத்தைக்காரர் ஊசியைச் சட்டைப்பையில் குத்தினார். கை தானாகச் சாப்பாட்டு டப்பாவின் பக்கம் போனது. "அடடா, ஓரம் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வா..."

அவர் காலின்மேல் இருந்த பாரம் அசைந்தது. பூனை எழுந்து உட்கார்ந்து, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மூன்று வருடமாகத் தினமும் சொல்வதைச் சொன்னது.

மனைவி எழுந்து வந்து, டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டுப் பழையபடி போய் உட்கார்ந்தாள்.

மெத்தைக்காரரின் காது மடல் சிவந்துபோனது. எதிர்ச்சாரியைப் பார்த்தார். ஜன்னல் எழுத்தர் அங்கிருந்து கையசைத்தார்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றார் வாடிக்கையாளரிடம், மெதுவாக. "ஒரு மணி நேரம். இருந்து கையோட வாங்கிட்டுப் போங்க."

மெத்தையை இழுத்து முன்னால் போட்டு, ஊசியில் நூல் கோத்தார். பூனை அதன்மேல் ஏறி நட்டநடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டது. அதை எழுப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான். அதனால் எழுப்பாமல் சுற்றிச் சுற்றியே தைத்தார்.